பத்துத் தெறிகள்

எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் நின்றுபோனதால்தான் எனக்கு ஆண்டியப்பனைத் தெரியவந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு பங்குனி மாதம். கத்தரிக்கன்றுகள் வாடத் தொடங்கியிருந்தன. முள்ளியவளையில் யாரிடம் கொடுக்கலாம் என்று விசாரித்தபோது பக்கத்துக் காணிக்காரர் சொன்னார்:

"தண்ணீரூற்றுப் பக்கம் புதுசா ஒருத்தர் கொட்டில் போட்டிருக்கிறார். கை நல்ல கை. ஆனா மோட்டச்சைக்கிள் மட்டும் குடுத்திடாதேங்கோ. தர்மபுரத்தில ஒரு பெடியனைக் கொல்லப் பார்த்தவராம்."

நான் மிசினைக் கொண்டுபோனேன். மெலிந்த, கறுத்த மனிதர். நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். மிசினை ஓடவிட்டுச் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டார். மத்தியானத்துக்குள் திருத்தித் தந்துவிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் அந்தக் கொட்டிலுக்குப் போய் வந்திருக்கிறேன். ஆண்டியப்பன் அதிகம் பேசமாட்டார், அவருடைய மனைவி வீரம்மா பேசுவார். நான் கேட்டுவந்த அந்தக் கதையில் பாதியை ஆண்டியப்பன் சொன்னார், மீதியை வீரம்மா சொன்னார். கடைசிப் பகுதியை நானே பார்த்தேன்.

ஆண்டியப்பன் பூண்டுலோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றில் பிறந்தவர். பதினேழு வயதில் தேயிலைத் தொழிற்சாலையில் மிசின் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தார். கொழுந்து அரைக்கிற உருளை எவ்வளவு ஆடலாம், எவ்வளவுக்கு மேல் ஆடக்கூடாது என்பதை விரலை வைத்தே சொல்லிவிடுவாராம். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் லயம் எரிந்தபோது வீரம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு தர்மபுரத்துக்கு வந்து சேர்ந்தார். முதல் மூன்று வருடம் காடு வெட்டினார், கூலிக்கு வயல் கொத்தினார்.

அவரைக் காட்டு வேலையிலிருந்து மீட்டவர் மயில்வாகனம். மயில்வாகனத்தின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து வந்தவர். மகனுக்கு வயலில் மனம் பற்றவில்லை. பரந்தன் றோட்டோரம் சைக்கிள், உழவு மிசின் திருத்துகிற கடை ஒன்றைப் போட்டிருந்தார். ஒருநாள் யாரோ ஒருவருடைய உழவு மிசின் வரம்பில் நின்றுவிட்டது. கூலிக்கு வந்த ஆண்டியப்பன் அதை அரை மணி நேரத்தில் ஓட வைத்தார். மறுநாளே மயில்வாகனம் அவருடைய குடிசை வாசலுக்கு வந்துவிட்டார்.

"மண்வெட்டி பிடிக்கிற கையில்லை இது. என்னோட வா. ரெண்டு பேருமாச் செய்வம்."

அப்படித்தான் பதின்மூன்று வருடம் செய்தார்கள். வருகிறவர்களோடு கதைப்பது மயில்வாகனம், சாமானைக் கழற்றிப் பூட்டுவது ஆண்டியப்பன். தொடக்கத்தில் ஒரு வாடிக்கையாளர், "தோட்டக்காட்டான்ர கையிலயோ சாமானைக் குடுக்கிறது?" என்று கேட்டாராம். மயில்வாகனம் அவருடைய மோட்டச்சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டுபோய் றோட்டில் விட்டுவிட்டு, "வேற இடம் பாருங்கோ" என்றாராம். வீரம்மா இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மயில்வாகனத்தின் மனைவி நேசமலர்தான் பதினைந்து நாள் வந்து பத்தியச் சரக்கு அரைத்துக் காய்ச்சிக் கொடுத்தவர்.

பொருளாதாரத் தடை இறுகிய வருடங்களில் அந்தக் கடை ஊருக்கே தேவையாகிவிட்டது. பெற்றோல் போத்தலில் விற்ற காலம். மோட்டச்சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். உதிரிப்பாகம் எதுவும் வவுனியாவைத் தாண்டி வராது. பழைய இரும்பைக் கடைந்து, அராவி, தட்டி ஆண்டியப்பன் புதிது செய்வார். இறைக்கிற மிசின் ஒன்றைப் பட்டியால் பூட்டிக் கடைசல் இயந்திரத்தை ஓட்டினார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அந்த ஜப்பான் மோட்டச்சைக்கிள் கடைக்கு வந்தது. இருநூற்றைம்பது சீசீ. இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களுக்கு மருந்து கொண்டுபோகிற ஒரு சிறிய நிவாரண அமைப்புக்குச் சொந்தமானது. அதை ஓட்டியவன் ஜனார்த்தனன். இருபத்தெட்டு வயது. மலையகத்திலிருந்து வந்த குடும்பம், ஆனால் அவன் பிறந்ததே தர்மபுரத்தில்தான். வீரம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். ஆண்டியப்பனை மாமா என்று கூப்பிடுவான்.

"மாமா, முன் பிரேக் பிடிக்கேக்க டக் டக் எண்டு சத்தம் கேக்குது. கையிலயும் தட்டுது."

ஆண்டியப்பன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தார். பிறகு குந்தி இருந்து முன் சில்லில் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தகட்டைக் கையால் பிடித்துப் பார்த்தார். அந்த ஊரில் வேறெந்த மோட்டச்சைக்கிளிலும் அப்படியொரு தகடு இல்லை.

"இங்க பாரு. இந்த டிஸ்க் ஒரே துண்டு இல்ல, ரெண்டு துண்டு. உள்ள இருக்கிறது சில்லோட சேர்த்து முறுக்கினது. வெளிய இருக்கிற இரும்பு வளையத்தைத்தான் பிரேக் கட்டை கவ்வுது. ரெண்டையும் ஒண்ணாப் பிடிச்சு வச்சிருக்கிறது இந்தப் பத்துப் பொத்தான்."

ஜனார்த்தனன் சிரித்தான். "தெறி எண்டு சொல்லுங்கோ மாமா. பொத்தான் எண்டால் இஞ்ச ஆருக்கும் விளங்காது."

"சரி, தெறி. பிரேக் பிடிச்சா வளையம் சூடாகிப் பெருக்கும். அது பெருக்க இடம் வேணும். அதனால பக்கவாட்டில கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஆடணும். அந்த ஆட்டம் நல்லது. ஆனா இது முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுது. தெறி இருக்கிற துளையெல்லாம் முட்டை மாதிரி நீண்டு போச்சு. தெறியும் தேஞ்சு போச்சு. இந்த ஆட்டம் ஆளைக் கொல்லும்."

"என்ன செய்யிறது?"

"துளைய வட்டமாக்கி, அதுக்குத் தக்க புதுசாப் பத்துத் தெறி கடையணும். நல்ல இரும்பு தேடணும். ஒரு கிழமை ஆகும். அதுவரைக்கும் இதைத் தொடாத."

அவர் வெண்கட்டியை எடுத்துப் பெற்றோல் தாங்கியில் 'ஓட வேண்டாம்' என்று எழுதினார். எழுதும்போது ஜனார்த்தனன் பக்கத்தில்தான் நின்றான். மயில்வாகனமும் நின்றார்.

உடைந்த உழவு மிசினின் அச்சு ஒன்று கிடைத்தது. இரண்டு நாளில் ஆறு தெறி கடைந்தார். மூன்றாம் நாள் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் பிடித்தது. மலேரியா. அந்த வருடம் வன்னியில் அது வராத வீடு இல்லை. ஆண்டியப்பன் இரண்டு சாக்கைப் போர்த்துக்கொண்டு கிடந்தார். கடையில் அந்தச் சில்லு கழற்றாமல் அப்படியே நின்றது.

அடுத்த நாள் அமைப்பின் பொறுப்பாளர் நடராசா கடைக்கு வந்தார். புதுக்குடியிருப்புப் பக்கத்து முகாம் ஒன்றில் வயிற்றோட்டம் பரவுகிறது, சேலைன் உடனே போகவேண்டும் என்றார். "உங்களால ஏலாட்டிச் சொல்லுங்கோ, புதுக்குடியிருப்பில வேற கடை இருக்கு. எங்கட சைக்கிள் எல்லாத்தையும் அங்கயே குடுக்கிறம்."

நடராசா போன பிறகு மயில்வாகனம் முன் சில்லைக் கழற்றி இரும்புக் கட்டையின் மேல் வைத்தார். ஜனார்த்தனனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தேய்ந்துபோன பழைய தெறிகளின் தலையில் சுத்தியலால் அடித்தார். தலைகள் நசுங்கி, வளையத்தை அசையவிடாமல் இறுக்கிக்கொண்டன. பத்தையும் அப்படி அடித்தார். பிறகு தகட்டை ஆட்டிக் காட்டினார்.

"பார், ஒரு ஆட்டமும் இல்லை. ரெண்டு நாளைக்கு ஓடக் காணும்."

தாங்கியில் இருந்த வெண்கட்டி எழுத்தை ஜனார்த்தனனே சட்டைக் கையால் துடைத்தான். ஆண்டியப்பனின் குடிசை கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் ஆண்டியப்பன் பின்னால்தான் அறிந்தார்.

முதல் நாள் சேலைன் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் நாள் விசுவமடுவைத் தாண்டி ஒரு மதகடியில் மாடுகள் குறுக்கே வந்தன. ஜனார்த்தனன் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். சுத்தியல் அடியில் ஏற்கனவே வெடித்திருந்த இரண்டு தெறிகளின் தலைகள் பறந்தன. வளையம் சரிந்து பிரேக்குக்குள் செருகியது. முன் சில்லு அப்படியே நின்றுவிட்டது. சைக்கிள் தலைகீழாகப் புரண்டது. அவனுடைய வலது முழங்கால் மதகுக் கட்டில் அடிபட்டுச் சிதறியது.

வீரம்மா கிணற்றடியில் செய்தி கேட்டு ஓடிவந்து சொன்னார். ஆண்டியப்பன் காய்ச்சலோடு எழும்பிக் கடைக்குப் போனார். நசிந்த சைக்கிளை மாட்டுவண்டியில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். குனிந்து சில்லைப் பார்த்தார். மிஞ்சியிருந்த எட்டுத் தெறிகளிலும் சுத்தியல் பட்ட தழும்பு மினுங்கியது.

"அண்ணை, இதை ஆர் அடிச்சது?"

மயில்வாகனம் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிறகு கதைப்பம் ஆண்டி. உனக்கு இன்னும் உடம்பு கொதிக்குது. போய்ப் படு."

அந்தக் குரலில் கரிசனை இருந்தது என்று ஆண்டியப்பன் என்னிடம் சொன்னார். "பயந்து போயிருக்கிறார்னு நெனச்சேன். மனசு ஆறினதும் அவரே சொல்லுவார்னு நெனச்சேன்."

ஐந்து நாள் கழித்து நடராசா விசாரணைக்கு வரச் சொன்னார். ஜனார்த்தனன் எழும்ப முடியாததால் அவனுடைய வீட்டு முற்றத்திலேயே வைத்துக்கொண்டார்கள். மாமரத்துக்குக் கீழே கட்டில். காலில் கட்டுப் போட்டு, அதை நேராக இழுத்துப் பிடிக்க மண் நிரப்பிய பை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நடராசா கொப்பி ஒன்றோடு கதிரையில் இருந்தார். மயில்வாகனம் முன்னதாகவே வந்திருந்தார். ஊர்ச்சனம் பத்துப் பதினைந்து பேர் வேலியோரம் நின்றார்கள். ஆண்டியப்பன் கடைந்து வைத்த ஆறு தெறிகளையும் ஒரு துணியில் முடிந்து கொண்டுபோனார். அவருக்கு அன்று பயமே இருக்கவில்லை. ஜனார்த்தனனுக்கு எல்லாம் தெரியும், அவன் சொன்னால் போதும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

நடராசா முதலில் மயில்வாகனத்தைக் கேட்டார். அவர் எழும்பி நின்று பதில் சொன்னார்.

"பிரேக் வேலை எல்லாம் ஆண்டிதான் பார்க்கிறவன். நான் அதுகளில கை வைக்கிறேல்லை. அவனுக்குக் காய்ச்சல். காய்ச்சலோடதான் வந்து செய்தவன். அதில பிழைச்சுப் போச்சு. தேயிலைப் பக்டரியில பழகின ஆள், உந்த ஜப்பான் டிஸ்க் அவனுக்குப் பிடிபடேல்லை. பாவம், வேணுமெண்டு செய்யேல்லை."

ஆண்டியப்பனுக்கு முதலில் விளங்கவில்லையாம். வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தாராம்.

"அண்ணை, நான் அந்தக் கிழமை பாயை விட்டு எழும்பவே இல்லையே."

மயில்வாகனம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டியப்பன் முடிச்சை அவிழ்த்து ஆறு தெறிகளையும் நடராசாவுக்கு முன்னால் வைத்தார். நடராசா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இதை நீர் நேற்றும் கடைஞ்சிருக்கலாம்தானே?" என்றவர் கட்டில் பக்கம் திரும்பினார். "ஜனார்த்தனன், நீர் சொல்லும். ஆர் பூட்டித் தந்தது?"

ஜனார்த்தனன் மாமரத்தைப் பார்த்தபடி கிடந்தான். அவனுடைய தாய் கட்டில் காலடியில் நின்று அவனுடைய போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டி மாமாதான்."

"ஓடவேண்டாம் எண்டு ஆரும் உமக்குச் சொன்னவையோ?"

"இல்லை."

ஆண்டியப்பன் அவனுக்குக் கிட்டப் போனார். "ஜனா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தாய்தான் பேசினார். "அவனை விடுங்கண்ணே. வலியில கெடக்கிறான்."

ஓடக்கூடாது என்று தெரிந்தே ஓடினேன் என்று சொல்லியிருந்தால் அவனுக்கு வேலையும் போயிருக்கும், அமைப்பு செய்த வைத்தியமும் நின்றிருக்கும். விசாரணைக்கு முதல் நாள் மயில்வாகனம் வந்து அதைத்தான் அவனுக்கும் தாய்க்கும் விளக்கிவிட்டுப் போயிருந்தார். நடராசா கொப்பியில் எழுதினார். வேலியோரம் நின்றவர்களில் ஒருவர், "தோட்டக்காட்டு வேலை" என்றார். அன்றைக்கு அவரை வெளியே போகச் சொல்ல மயில்வாகனம் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் வீரம்மா நேராக நேசமலரிடம் போனார். நேசமலர் படலை வரைக்கும் வந்தார், திறக்கவில்லை.

"அக்கா, உங்களுக்குத் தெரியும். அவரு பாயில கெடந்தாரு. நீங்கதானே கஞ்சி குடுத்து விட்டீங்க."

"ஆம்பிளையளின்ர கடை விசயம் எனக்கு ஒண்டும் தெரியாது வீரம்மா." நேசமலர் அழுதுகொண்டுதான் சொன்னாராம். ஆனால் படலையைப் பிடித்த கையை எடுக்கவில்லையாம்.

ஒரு கிழமை கழித்து மயில்வாகனம் ஆண்டியப்பனின் குடிசைக்கு வந்தார். பதின்மூன்று வருடத்துக்கு முன்பு வந்து நின்ற அதே வாசல்தான். உள்ளே வரச்சொல்லி வீரம்மா கூப்பிடவில்லை.

"ஆண்டி, சனம் கொஞ்ச நாளில மறந்திடும். கடைக்குப் பின்பக்கம் ஒரு பத்திக் கொட்டில் இறக்கித் தாறன். நீ அதுக்குள்ள இருந்து வேலையைச் செய். முன்னால வராதை. வாற ஆக்களிட்ட நான் செய்யிறன் எண்டு சொல்லுறன்."

ஆண்டியப்பன் எழும்பி வாசலுக்கு வந்தார்.

"அண்ணே," என்றார். அண்ணை என்று சொல்லவில்லை. பதினாறு வருடமாக வெளியாட்களிடம் வன்னிப் பேச்சுப் பேசிப் பழகியவரின் வாயில் தோட்டத்துப் பேச்சு வந்துவிட்டது. "என் கை மட்டும் வேணும், நான் வேணாம். அதானே? போயிட்டு வாங்க."

அந்த மாதமே குடும்பத்தோடு முள்ளியவளைக்கு வந்துவிட்டார். நட்டுக் கழற்றுகிற தன்னுடைய சாவிகள், அரங்கள், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு சின்ன இடுக்கி, இவ்வளவுதான் கொண்டுவந்தது. கடைசல் இயந்திரம் மயில்வாகனத்தின் கடையிலேயே நின்றுவிட்டது. கெட்ட பேர் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சைக்கிளும் இறைக்கிற மிசினும் வந்தன. மோட்டச்சைக்கிள் ஒன்றுகூட வரவில்லை. வீரம்மா பிறத்தியார் வயலில் களை பிடுங்கப் போனார்.

யார் மேல் உங்களுக்குக் கோபம் கூட என்று ஒருநாள் கேட்டேன். அவர் அராவிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

"சுத்தியலால அடிச்சது பயத்தில. கடை போயிரும்னு பயம். அது எனக்கு வெளங்குது. ஆனா 'பாவம்'னு சொன்னாரே, அதப் பயந்தவன் சொல்ல மாட்டான். ராத்திரி படுத்து யோசிச்சு எடுத்து வச்சிருந்த சொல்லு அது."

இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஆவணியில் நான் கொட்டிலில் இருந்தபோது ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். வலது கால் மடங்காமல் விறைத்து நின்றது. வீரம்மா பார்த்தவுடன் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"மாமா," என்றான் ஜனார்த்தனன்.

ஆண்டியப்பன் கதிரையைக் காட்டினார். அவன் உட்காரவில்லை.

"அமைப்பை மூடிட்டினம். நடராசா ஐயாவும் வெளிநாடு போட்டார். எனக்கு மனசு கேக்கேல்லை மாமா. ரெண்டு வருசமா நித்திரை இல்லை. நான் அண்டைக்குப் பொய் சொன்னனான். அடிக்கேக்க நான்தான் சில்லைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவன் அழுதான். எனக்கு எழும்பிப் போகவேண்டும் போலிருந்தது. ஆனால் ஆண்டியப்பன் என்னைப் பார்த்து இருங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"இத யார்கிட்டச் சொன்ன?"

"ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை. உங்களிட்டத்தான் முதல்ல வந்தனான்."

"எனக்குத்தான் தெரியுமே ஜனா. நான் பாயில கெடந்தது எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு. தர்மபுரத்துக்குப் போ. அந்த வேலியோரம் நின்ன பத்துப் பேர்கிட்டச் சொல்லு. கடை வாசல்ல நின்னு சொல்லு. அப்புறம் வா, ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

ஜனார்த்தனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தலையை ஆட்டினான் போலவும் இருந்தது, ஆட்டாதது போலவும் இருந்தது. கொஞ்ச நேரம் சைக்கிள் மணியின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"மயில்வாகனம் அண்ணைதான் இப்ப எனக்கு வேலை தந்திருக்கிறார், மாமா. கடையில சாமான் குடுக்கிற வேலை. இந்தக் காலோட வேற எங்க போறது?"

ஆண்டியப்பன் அரத்தை எடுத்து அராவத் தொடங்கினார். அவன் இன்னும் சற்று நின்றுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான். அவன் றோட்டுக்கு ஏறிய பிறகுதான் வீரம்மா வெளியே வந்தார்.

"போய்ச் சொல்லுவானா?"

"மாட்டான்."

"அப்ப எதுக்கு வந்தான்?"

"நித்திரை இல்லையாம்."

மார்கழியில் வீரம்மாவின் தமக்கை தர்மபுரத்திலிருந்து வந்திருந்தார். ஜனார்த்தனன் வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய்விட்டான் என்றார். அங்கே தெரிந்தவர் கடை ஒன்றில் அவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவரும் மயில்வாகனம்தானாம். போகிற அன்று பஸ் வரும்வரைக்கும் இரண்டு பேரும் கடை வாசலில் கதிரை போட்டு இருந்து தேத்தண்ணி குடித்தார்களாம். பஸ் வந்ததும் மயில்வாகனமே அவனுடைய பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டாராம். கடை நிறையச் சனம் நின்றதாம். அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லையாம்.

ஆண்டியப்பன் என்னுடைய மிசினைக் கழற்றிக்கொண்டிருந்தார். தமக்கை சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்தபடி கேட்டார். பிறகு பன்னிரண்டாம் நம்பர் சாவியை எடுத்துத் தரும்படி என்னிடம் கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்தே ஆட்டத்தைச் சொல்கிறவருக்குச் சாவி நட்டில் பொருந்தவில்லை. இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். மூன்றாம் தடவை சாவியைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு வாங்கையா" என்றார்.